சந்தா கட்டிச் சேவை: பினாங்கு கிளப் ஒன்றைப் பற்றி ஓய்வு பெற்ற தாதி ஒருத்தி

லயன்ஸ், ரோட்டரி மாதிரியான சேவைக் கிளப்பில் சேரலாமா, கட்டுகிற பணத்துக்குத் தகுமா என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் என்னைப் போல் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பென்ஷன் வருகிறது, முட்டி இன்னும் ஒத்துழைக்கிறது, வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். சாப்பாட்டுக் கடைக்கும் ஏர்கோனுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். ஆண்டுக்கு எழுநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் விழுங்குகிற சமாச்சாரத்துக்கு எழுதக் கூடாதா?

நான் அரசாங்க மருத்துவமனைகளில் தாதியாக இருந்தவள். வீடு ஜெலுத்தோங் பக்கம். கிளப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. லயன்ஸா ரோட்டரியா என்றுகூடச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த கூட்டத்தில் எனக்கு அபராதம் விழும். அபராதம் என்று நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள், மற்றவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், ஒரு சில பஞ்சாபிகள். சிலர் தீவில், சிலர் பெருநிலத்தில். பாலம் தாண்டி வருபவர்கள்தான் நேரத்துக்கு வருவார்கள் என்பது இன்றுவரை எனக்குப் புரியாத விஷயம்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். சேரும்போது ஒரு நுழைவுக் கட்டணம், பிறகு ஆண்டுச் சந்தா. சந்தாவில் ஒரு பங்கு அமெரிக்காவில் உள்ள தலைமையகத்துக்குப் போகிறது. ரோட்டரிக்கு எவன்ஸ்டன், லயன்ஸுக்கு ஓக் புரூக், இரண்டுமே இல்லினாய்ஸ் மாநிலம்தான். கணக்கு டாலரில் என்பதால் வெள்ளி மதிப்பு இறங்கினால் நம் சந்தா ஏறும். அதோடு முடிந்துவிடாது. கூட்டத்துக்குப் போனால் சாப்பாட்டுக்குக் காசு. கிளப் சட்டை, வெஸ்ட், பேட்ஜ். ஜூலை பிறந்தால் ஹோட்டலில் பதவியேற்பு விருந்து, பத்துப் பேர் மேசை. பக்கத்துக் கிளப்பின் விருந்துக்கும் நாம் ஒரு மேசை எடுக்க வேண்டும்; எடுக்காவிட்டால் நம் விருந்துக்கு அவர்கள் வர மாட்டார்கள். மொய் மாதிரிதான், நம் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அப்புறம் குலுக்கல் டிக்கெட் புத்தகம். அதை விற்றுத் தர வேண்டும், விற்கவில்லையென்றால் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். என் தங்கை இப்போதெல்லாம் நான் கைப்பையைத் திறந்தாலே எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறாள்.

கேட்கப் பயமாக இருக்கிறதா? ஆனால் எனக்கு மிகவும் பிடித்த அம்சமும் இதே பண விஷயத்தில்தான் இருக்கிறது. நிர்வாகக் கணக்கு வேறு, சேவைக் கணக்கு வேறு. பொதுமக்களிடம் திரட்டிய பணத்தை உறுப்பினர்களின் விருந்துக்கோ சட்டைக்கோ தொடக் கூடாது. லயன்ஸ் இயக்கத்தில் இது எழுதி வைத்த விதி. ஒழுங்காக நடக்கிற மற்ற கிளப்புகளும் இப்படித்தான் பிரித்து வைக்கின்றன. எங்கள் பொருளாளர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சீன அம்மையார். மீகூன் பொட்டலம் வாங்கிய ஐந்து வெள்ளியாக இருந்தாலும், "மிஸ்ஸி, நோ ரிசிட் நோ மணி" என்று கையை விரிப்பார். முதலில் எனக்கு முகம் சுண்டியது. இப்போது அந்தக் கிளப்பில் நான் அதிகம் மதிக்கிற ஆள் அவர்தான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தணிக்கை செய்த கணக்கை அச்சடித்து எல்லார் கையிலும் கொடுக்கிறார்கள், அது சங்கப் பதிவிலாகாவுக்கும் போகிறது. வீடு வீடாக வந்து திருவிழாவுக்கு வசூலித்தவர்கள் திரும்பி வந்து கணக்குக் காட்டி நான் பார்த்தது அபூர்வம். தெருவில் உண்டியல் குலுக்கவே போலீஸ் அனுமதி வேண்டும், அதற்கு 1947-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது என்பதே கிளப்பில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

சரி, கூட்டம். இரவு ஏழரைக்கு என்பார்கள், எட்டேகாலுக்கு மணி அடிப்பார்கள். நிஜமாகவே மேசையில் ஒரு வெண்கல மணி இருக்கிறது. தேசிய கீதமான நெகாராகூ, பிறகு உறுதிமொழி, பிறகு வந்திருக்கும் பிரமுகர்களை வரவேற்கும் படலம். டத்தோ பட்டம் வாங்கியவர், இயக்கத்தின் முன்னாள் ஆளுநர், முன்னாள் தலைவர், முன்னாள் தலைவரின் துணைவியார். எல்லார் பெயரையும் பட்டத்தோடு சொல்ல வேண்டும். ஒருவர் பெயர் விட்டுப்போனால் இரண்டு மாதத்துக்கு அவர் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அடுத்த பேச்சாளரும் அதே பட்டியலை முதலிலிருந்து படிப்பார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில், கேலி மட்டும் தமிழிலும் ஹொக்கியன் சீனத்திலும். முதல் முக்கால் மணி நேரத்தை வெட்டி எறிந்தால் ஒன்றும் குறையாது என்பது என் கருத்து. வார்டில் ஷிஃப்ட் மாறும்போது இருபது நோயாளியின் நிலவரத்தை அதற்குள் சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருப்போம்.

அபராதம் என்றேனே, அது இதில்தான் வருகிறது. லயன்ஸில் டெய்ல் ட்விஸ்டர் என்று ஒருவர், ரோட்டரியில் சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ் என்று ஒருவர். பேட்ஜ் குத்தாமல் வந்தால் ஒரு வெள்ளி, போன் அடித்தால் இரண்டு வெள்ளி, பேப்பரில் படம் வந்தால் ஐந்து வெள்ளி என்று ஏதாவது ஒரு சாக்கு சொல்லிக் கறப்பார். இது எனக்குப் பிடிக்கும். ஒரு டத்தோ பேட்ஜ் மறந்ததற்கு ஒரு வெள்ளி கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே உட்கார்வதை வேறெங்கே பார்க்க முடியும்?

இந்தச் சடங்கெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். ரோட்டரியை 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கினார். ஆளுக்கொரு வாரம் ஒவ்வொருவரின் அலுவலகத்தில் சுழற்சியாகக் கூடியதால் அந்தப் பெயர். லயன்ஸ் 1917-இல் வந்தது, அதற்கும் ஊர் சிகாகோதான், ஆள் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்புறுதி வணிகர். ஜேம்ஸ் டேவிட்சன் என்ற கனடாக்காரர் 1928-லிருந்து 1931 வரை ஆசியாவைச் சுற்றிக் கிளப்புகளை உண்டாக்கியபோது மலாயாவுக்கும் ரோட்டரி வந்தது. அப்போதெல்லாம் பெண்களுக்கு இடமில்லை. லயன்ஸ் 1987-இல்தான் பெண்களைச் சேர்த்தது, ரோட்டரி 1989-இல். அதற்கு முன் மனைவிமார்கள் விருந்தில் பூ வைத்தார்கள், கேக் வெட்டினார்கள். எங்கள் கிளப்பில் இன்றைக்கும் தேநீர் ஏற்பாட்டுக்குழு என்றால் தலைகள் தானாகப் பெண்கள் பக்கம் திரும்புகின்றன. நான் மட்டும் திரும்பி ஆண்கள் பக்கம் பார்ப்பேன்.

இனி வேலைக்கு வருகிறேன். சேவையின் தரம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இல்லை. ஒன்று மிக நன்றாக இருக்கிறது, ஒன்று மோசம், ஒன்றைப் பற்றி நிறையப் பேச வேண்டும்.

மோசமானதை முதலில் சொல்கிறேன்: முதியோர் இல்ல விஜயம். தீபாவளிக்கு முந்திய வாரம் எல்லாக் கிளப்புக்கும், எல்லாக் கம்பெனிக்கும், எல்லாக் கல்லூரிக்கும் ஒரே நேரத்தில் தாத்தா பாட்டி ஞாபகம் வந்துவிடுகிறது. ஒரே இல்லத்தில் மத்தியானம் ஒரு கூட்டம் பிரியாணி போடும், சாயங்காலம் இன்னொரு கூட்டம் பிரியாணி போடும். சர்க்கரை வியாதிக்காரருக்கு லட்டு ஊட்டிப் படம் எடுப்பார்கள். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். கார்ட்போர்டில் அச்சடித்த ராட்சசக் காசோலையை ஒரு பக்கம் தலைவர் பிடிக்க, மறுபக்கம் படுக்கையில் இருப்பவரை எழுப்பி உட்காரவைத்துப் பிடிக்கச் சொன்னதையும் பார்த்திருக்கிறேன். பிப்ரவரியில் அதே இல்லத்துக்கு வந்து பாருங்கள், ஆள் இருக்காது. அவர்களுக்கு வேண்டியது பெரியவர் டயப்பர், பால் மாவு, படுக்கைப்புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை, நகம் வெட்டிவிட ஒரு கை. இதையெல்லாம் இல்லத்துப் பொறுப்பாளரிடம் கேட்டால் சொல்வார். கேட்பதில்லை, அதுதான் கோளாறு. எங்கள் கிளப் இந்த விஷயத்தில் மற்றவர்களைவிட மேலும் இல்லை, கீழும் இல்லை.

நன்றாக இருப்பது ரத்ததான முகாம். காரணம் எளிது: மருத்துவ வேலை மருத்துவமனை ரத்த வங்கிக்காரர்கள் கையில், கிளப்பின் வேலை இடம் பிடிப்பது, ஆள் சேர்ப்பது, சாப்பாடு போடுவது. இந்த மூன்றிலும் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள். ஒருவர் பேரங்காடி மேலாளரைப் பிடிப்பார், ஒருவர் தொழிற்சாலை யூனியன்காரர்களைப் பிடிப்பார், ஒருவர் தேங்காய்ச் சட்னியோடு இட்லி கொண்டு வந்துவிடுவார். ரத்தம் கொடுக்க வருபவர்களுக்கு நான் சொல்வது: பதினெட்டு வயதாகியிருக்க வேண்டும், பதினேழு என்றால் பெற்றோர் கையெழுத்து, எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும், முதல் நாள் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்க வேண்டும், போன தடவை கொடுத்து மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். நம் பெண்கள் ஆசையாக வந்து ஹீமோகுளோபின் 12.5 இல்லாமல் திரும்பிப் போவதுதான் எனக்கு வருத்தம். அவர்களை வெறும் கையோடு அனுப்பாமல், ரத்தச் சோகைக்கு எங்கே போய்ப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்ப ஒரு மேசை போட்டோம். இந்த யோசனையைச் சொன்னவர் எங்கள் கிளப்பின் மிக இளைய உறுப்பினர், இளையோருக்கான லியோ கிளப்பிலிருந்து வந்த பெண்.

முகாம் நடத்த ஏற்ற காலம் எது தெரியுமா? நோன்பு மாதமும் நீண்ட பண்டிகை விடுமுறைகளும். கொடுப்பவர்கள் குறைகிறார்கள், ஆனால் விபத்தும் பிரசவமும் நிற்பதில்லை. பிளேட்லட் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. சிவப்பணுவும் சில வாரம்தான். எப்போதும் போல ஆகஸ்டில் சுதந்திர தினத்தையொட்டி நடத்தலாம், படத்தில் கொடி நன்றாகத் தெரியும் என்றார்கள். பொருளாளர் அம்மாவும் நானும் சேர்ந்து விடுமுறைக்கு முந்திய வாரத்துக்கு மாற்றவைத்தோம். கூட்டம் குறைவுதான், ரத்த வங்கிப் பெண்ணின் முகம் மட்டும் மலர்ந்தது.

இப்போது நிறையப் பேச வேண்டியது: கண், சர்க்கரைப் பரிசோதனை முகாம். கண் என்பது லயன்ஸ்காரர்களின் பரம்பரைச் சொத்து. 1925-இல் அவர்களின் மாநாட்டில் ஹெலன் கெல்லர் போய், பார்வையற்றோருக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டதிலிருந்து உலகமெங்கும் கண்ணாடி, கண்புரை என்று செய்து வருகிறார்கள். ரோட்டரிக்கு அந்த மாதிரி போலியோ, 1985-லிருந்து. போலியோ முடிந்துபோன கதை என்று நாங்கள் தாதிகளே நினைத்துக்கொண்டிருந்தபோது 2019 டிசம்பரில் சபா, துவாரானில் ஒரு கைக்குழந்தைக்கு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு அந்தச் சொட்டு மருந்து பேனரைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. இப்போது எல்லாக் கிளப்பும் எல்லாமும் செய்கின்றன. எங்கள் கிளப் ஆண்டுதோறும் நிபோங் தெபால் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் முகாம் போடும். தோட்டங்கள் இருந்த பகுதி. தோட்டம் போய் வீடமைப்பு வந்தபின் சுற்றியுள்ள தாமான்களில், அதாவது குடியிருப்புகளில், பழைய குடும்பங்கள் பல இருக்கின்றன.

மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. 2023 தேசியச் சுகாதார ஆய்வின் கணக்கு 15.6 சதவீதம். அதில் நம் சமூகத்தின் பங்கு எப்படி என்பது டயாலிசிஸ் மையத்தில் போய் உட்கார்ந்தாலே தெரியும். அதனால் முகாம் வேண்டியதா என்பதில் சந்தேகமே இல்லை. நடத்துகிற விதத்தில்தான் எனக்குச் சண்டை.

நான் முதலில் போனபோது, வருகிறவர்களுக்கு வாசலிலேயே நாசி லெமாக் பொட்டலமும் மைலோவும். சாப்பிட்டுவிட்டு வரிசையில் போய் விரலில் குத்திக்கொள்வார்கள். மைலோவுக்கு அரை மணி கழித்து எடுத்த சர்க்கரை அளவு யாருக்கு என்ன சொல்லும்? நம் ஊர் மில்லிமோல் (mmol/L) கணக்கில், வெறும் வயிற்றில் 7-க்கு மேல், அல்லது எப்போது எடுத்தாலும் 11.1-க்கு மேல் என்றால் கிளினிக்கில் ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். அதற்கு இடைப்பட்ட எண்களை வைத்துக்கொண்டு முகாமில் பஞ்சாங்கம் பார்க்க முடியாது. மேசையை மாற்றிப் போட்டோம், சோதனை முன்னால், சாப்பாடு பின்னால். இதற்கே ஒரு செயற்குழுக் கூட்டம் தேவைப்பட்டது.

கண்ணில், படிக்கிற கண்ணாடி கொடுப்பது உடனே பலன் தெரிகிற வேலை. நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குகிறவருக்குப் பிளஸ் ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று மாட்டிப் பார்த்துக் கொடுத்தால் போதும். ஊசியில் நூல் கோக்க முடிந்ததும் பாட்டிகள் போடுகிற சத்தத்தைக் கேட்க வேண்டும். இன்னொரு பக்கம், வீடுகளிலிருந்து சேகரித்த பழைய கண்ணாடிகளை அப்படியே பெட்டியில் கொண்டு வந்து கொட்டினார்கள். கருவியில் வைத்து அதன் பவர் என்ன என்று அளந்து எழுதாவிட்டால் அது வெறும் குப்பை. லயன்ஸ் இயக்கம் இதற்கென்றே மறுசுழற்சி மையங்கள் வைத்து அளந்து பிரிக்கிறது. அந்த மாதிரி இடத்துக்கு அனுப்பாமல் நேரே மூக்கில் மாட்டுவது எனக்கு ஒப்பாது.

ஆனால் முகாமின் நிஜமான ஓட்டை மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகுதான் தெரியும். சர்க்கரை ஏறியிருப்பவருக்கும், கண்புரை இருப்பவருக்கும், விழித்திரையில் சந்தேகம் இருப்பவருக்கும் ஒரு சீட்டு: கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு, போங்கள். எல்லாரும் குழுப்படம் எடுத்துக்கொண்டு, நாற்காலி மடக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். சீட்டு வாங்கியவர்கள் போனார்களா? ஒருவருக்கும் தெரியாது. கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான், அப்புறம் ஏன் போக மாட்டார்கள் என்று தலைவர் கேட்டார். நல்ல மனிதர், காரில் போய்ப் பழகியவர்.

நான் ஒரு 555 நோட்டுப் புத்தகத்தில், சம்மதம் கேட்டு, பெயரும் போன் நம்பரும் எழுதி வைத்துக்கொண்டு பிறகு கூப்பிட்டேன். பாதிப் பேர் போகவே இல்லை. ஒருவர் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை, ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. ஒரு பாட்டிக்குப் பள்ளிவிட்டு வருகிற பேரனைக் கூட்டி வர வேண்டும். ஒருவருக்குப் பயம், போனால் இன்சுலின் ஊசி போடச் சொல்லுவார்கள், ஊசி ஆரம்பித்தால் அப்புறம் காலை வெட்டுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சுங்கை பாக்காப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா சொன்னது இன்னும் தெளிவு: "சீட்டு இருக்குது மிஸ்ஸி, பத்திரமா சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சிருக்கேன். போறதுக்கு வண்டி யாரு குடுப்பா?"

அங்கிருந்துதான் இந்தக் கிளப்பில் என் மதிப்பெண்ணைக் கூட்டிய விஷயம் ஆரம்பித்தது. பெருநிலத்தில் இருக்கிற உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து ஓட்டுநர் பட்டியல் ஒன்று போட்டார்கள். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன், அவருடைய பழைய சாகா கார், டியூஷன் டீச்சர் ஒருவர், அவருடைய மைவி கார், இன்னும் சிலர். கிளினிக் தேதி, கண் ஆஸ்பத்திரித் தேதி, எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவில். அறுவை சிகிச்சை முடிந்து கண்ணில் மூடியோடு வருகிறவரை வீட்டில் கொண்டு போய் விட்டு, சொட்டு மருந்து எத்தனை மணிக்கு என்று மருமகளிடம் சொல்லிவிட்டு வருவதுவரை அதில் அடக்கம். தபால்கார அண்ணனுக்கு அந்தப் பக்கத்துச் சந்து பொந்தெல்லாம் அத்துப்படி; வீட்டு நம்பர் சொன்னால் போதும், நாய் இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்லிவிடுவார். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும், ஏனென்றால் ஆரம்பத்தில் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. அந்த ஆண்டுப் பரிசோதனையை அவர்களுக்கு ஞாபகப்படுத்துவதும் இந்தப் பட்டியல்காரர்கள்தான்.

இதை வழக்கமான திட்டமாக்கலாம் என்று கூட்டத்தில் கேட்டபோது, "படம் ஒன்றும் வராதே" என்று ஒரு முன்னாள் தலைவர் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, அமைப்பு அப்படி. கிளப்புகள் மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் பயனடைந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் சேவை என்று நிரப்ப வேண்டும். இருநூறு பேருக்கு விரலில் குத்தினால் இருநூறு. ஒரு பாட்டியை நான்கு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் ஒன்று. விருது எண்ணிக்கைக்குத்தான். இன்னொரு சிக்கல், தலைவர் பதவி ஓராண்டுக்குத்தான். ஜூன் 30 முடிந்தால் ஆள் மாறும், புதியவருக்குத் தன் பெயர் சொல்ல ஒரு புதுத் திட்டம் வேண்டும். பழைய திட்டம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அது முந்தியவருடையது. எங்கள் ஓட்டுநர் பட்டியல் பிழைத்திருப்பதே அதற்குக் கிளப்பிலிருந்து பெரிய காசு கேட்காததால்தான். எண்ணெய்க் காசு மட்டும், அதுவும் ரசீதோடு.

தைப்பூசத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பினாங்குக்காரர்கள் கோபிப்பார்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், ஜாலான் கெபுன் பூங்காவின் இரு பக்கமும் பந்தல். தொழிற்சாலை ஊழியர்கள், தோட்டத்துக் குடும்பங்கள், கடைக்காரர்கள், சீனர்கள்கூடப் போடுகிறார்கள். எங்கள் கிளப்பும் போடும். தண்ணீர், மோர், சாம்பார் சாதம். நான் ஒரு ஓரத்தில் முதலுதவி மேசை வைத்துக்கொண்டேன். தார் ரோட்டில் வெறுங்காலில் வந்து, மேலே 513 படியும் ஏறி இறங்கி வருகிறவர்களின் பாதத்தைப் பார்த்தால் தெரியும் அந்த மேசைக்கு ஏன் கூட்டம் என்று. மயக்கம் வருகிறவர்களும் உண்டு. முந்திய நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், வெயிலில், பக்கத்துப் பந்தல் ஸ்பீக்கரின் இடி வேறு.

அங்கே நான் கவனித்தது: எங்கள் பந்தலில் வேலையை இழுத்துக்கொண்டு போனவர்கள் கிளப் சட்டை போட்டவர்கள் இல்லை. உறுப்பினர் ஒருவரின் அக்காவும் அவர் தாமான் பெண்களும், விடிகாலை மூன்று மணிக்கு அண்டாவில் சாதம் வடித்தவர்கள். சந்தா கிடையாது, பேட்ஜ் கிடையாது, மணி அடித்துத் தொடங்கவில்லை. எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு பருப்பு, கூட்டம் எத்தனை மணிக்கு ஏறும், தேர் திரும்பும்போது எந்தப் பக்கம் மேசையை இழுக்க வேண்டும், எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இவர்கள் கையையும் பொருளாளர் அம்மாவின் ரசீதுப் புத்தகத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் பினாங்கில் அசைக்க முடியாத ஒரு கிளப் இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அந்த அக்காவைச் சேரச் சொல்லிக் கேட்டேன். "எழுநூறு வெள்ளி கட்டி நான் வந்து மறுபடியும் சாம்பார்தானே வைக்கணும்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

2017 நவம்பரில் பினாங்கில் ஒரே இரவில் வெள்ளம் வந்தபோது நான் கிளப்பில் இல்லை, வேலையில் இருந்தேன். பழைய உறுப்பினர்கள் சொல்வது, முதல் வாரம் மெகி மீ மலையாகக் குவிந்தது, சேறு கழுவ வாளியும் துடைப்பமும் பிளீச்சும் கிடைக்கவில்லை என்று. அதற்குப் பிறகு ஒரு ஸ்டோர் எடுத்து, வாளி, கையுறை, மெத்தை விரிப்பு எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார்கள். இப்படி ஒன்றைக் கற்றுக்கொண்டதும், ஆள் மாறியும் அந்தச் சாவி கைமாறி வருவதும் கிளப் என்ற அமைப்பு இருப்பதன் நன்மை.

யாருக்கு ஏற்றது? தொடர்ந்து வரக்கூடியவர்கள், மேடைப் பேச்சைக் காதில் வாங்காமல் இருக்கத் தெரிந்தவர்கள், வேறு இனத்தவரோடு வேலை செய்ய ஆசைப்படுகிறவர்கள் சேரலாம். எனக்கு இத்தனை சீன நண்பர்கள் வார்டுக்கு வெளியே கிடைத்தது இதனால்தான். பதின்ம வயதுப் பிள்ளைகளை லயன்ஸின் லியோவிலோ ரோட்டரியின் இன்டராக்ட்டிலோ விடுங்கள். கூட்டம் நடத்தவும், குறிப்பு எழுதவும், கணக்கு வைக்கவும் அங்கே படிக்கிறார்கள். வியாபாரத் தொடர்புக்காக என்றாலும் வாருங்கள், அது இயல்புதான், ரோட்டரி தொடங்கியதே அப்படித்தான்; முதல் முகாமில் நாற்காலி தூக்கச் சொன்னால் மட்டும் நழுவாதீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் ஓய்வு என்பவர்கள் சேர வேண்டாம், முகாமுக்கு மட்டும் கை கொடுக்க வாருங்கள், யாரும் சந்தா கேட்க மாட்டார்கள்.

சேருவதற்கு முன் விருந்தினராக இரண்டு கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், அதற்கு எல்லாக் கிளப்பும் சம்மதிக்கும். போனால் போன ஆண்டுக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். போன தலைவரின் திட்டங்களில் எது இன்னும் ஓடுகிறது என்று கேளுங்கள். முகாமில் சீட்டு வாங்கியவர்களை யார் கூப்பிட்டுக் கேட்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு உடனே ஒரு பெயர் வந்தால் அந்தக் கிளப்பில் தைரியமாகச் சேரலாம். தலைவர் செயலாளரைப் பார்த்து, செயலாளர் கூரையைப் பார்த்தால், இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எங்கள் கிளப்புக்கு ஐந்துக்கு மூன்றரை. கூட்டத்துக்கு ஒன்று குறைத்தேன், முதியோர் இல்லத்துக்கு அரை. இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிட்டேன். பதவியேற்பு விருந்துக்கு டிக்கெட் எடுக்கவில்லை. அந்தப் பணத்தைச் சேவைக் கணக்கில் எண்ணெய்க் காசுக்கென்று போட்டேன். பொருளாளர் அம்மா எண்ணிப் பார்த்து ரசீது எழுதினார், அப்புறம் கிளப்புக்குக் காசு கொடுத்துவிட்டு விருந்துக்கு வராமல் இருப்பதற்கு எனக்கு இரண்டு வெள்ளி அபராதம் போடச் சொல்லப்போவதாகவும் சொன்னார்.